தலை வேண்டாம், வால் எங்கே?

என் வீட்டுக்காரருடைய அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்று யாராவது கேட்டிருந்தால், போன வருஷம் வரைக்கும் எனக்கு வேறு வேலை இருக்கிறது என்று எழுந்து போயிருப்பேன். இப்போதும் நாலு வார்த்தை தேறுமா என்பது சந்தேகம்தான். ஆனாலும் நானே எழுதிவிடுகிறேன். வேறு யாராவது எழுதினால் அவரைத் தெய்வப் பிறவியாக்கிவிடுவார்கள், அந்த அநியாயத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எழுத்தில் 'அவர்' என்று மரியாதை கொடுக்கிறேன், நேரில் 'அண்ணி' என்று கூப்பிடுகிறேன். மனசுக்குள் எப்படிக் கூப்பிட்டேன் என்பது என் சொந்த விஷயம்.

அண்ணிக்கு வேலை, மீன்பிடித் துறைமுகத்தின் பின்கோடியில் இருக்கும் கழிவு மீன் கூடத்தில். விலை போகும் மீனெல்லாம் முன்வாசல் வழியாக ஏலத்துக்குப் போய்விடும். வலையில் கூடவே மாட்டிக்கொண்டு வந்த சில்லறைகள், அதாவது விரல் நீளக் குஞ்சு மீன், நசுங்கிய நண்டு, கொழகொழவென்று பெயர் தெரியாத வஸ்து, ஒற்றைச் செருப்பு, இதெல்லாம் பின்வாசலுக்கு வரும். தகரக் கூரைக்குக் கீழே நீள நீளமாக எஃகு மேசைகள். பன்னிரண்டு பெண்கள் ரப்பர் பூட்ஸும் முழங்கை வரைக்கும் கையுறையும் மாட்டிக்கொண்டு அந்தக் குவியலைக் கிளறிப் பிரிப்பார்கள். உருப்படியாக ஏதாவது தேறினால் கூடைக்கு. மிச்சமெல்லாம் லாரி ஏறி, கோழித் தீவன ஆலையில் அரைபடப் போய்விடும்.

சுவரில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று அங்கே உண்டு. நீளமாக எது வந்தாலும் யாரும் கை வைக்கக் கூடாது, கடைசி மேசையைக் கூப்பிட வேண்டும். கடைசி மேசை அண்ணியுடையது. கூடத்தில் அவருக்கு வாலம்மா என்று பெயர்.

கூப்பிட்டதும் ஒரு கை நீள இடுக்கியை எடுத்துக்கொண்டு வருவார். தலைப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். நேராக வாலுக்குப் போவார். துடுப்பைச் செங்குத்தாக நிறுத்தி வைத்த மாதிரி இரண்டு பக்கமும் அமுங்கித் தட்டையாக இருந்தால் அது கடல்பாம்பு, விஷம், எல்லோரும் நாலடி தள்ளி நில்லுங்கள். முதுகு நெடுக மெல்லிய துடுப்பு ஓடி, கழுத்துப் பக்கம் செவுள் ஓட்டை தெரிந்து, செதிலே கண்ணில் படாமல் வழவழவென்று இருந்தால் அது விலாங்கு, மீன் ஜாதி. வால் உருண்டையாக வந்து நுனியில் ஒல்லியாக முடிந்தால் ஆற்று வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வந்த நன்னீர்ப் பாம்பு. வாலும் ரெண்டுங்கெட்டானாக, தோலும் இரண்டு அளவு பெரிய சட்டை மாட்டின மாதிரி தொளதொளவென்று இருக்கும் ஒரு பாம்பு உண்டு. அதற்கு விஷம் கிடையாது, ஆனால் அதற்கு மட்டும் அண்ணி இரண்டு தடவை யோசிப்பார்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் நிறத்தைப் பார்த்துக் கத்துவார்கள். "வரி வரியா இருக்கு, பாம்பு, பாம்பு!"

"கலரப் பாக்காத" என்பார் அண்ணி. "வரி போட்ட விலாங்கும் இருக்கு, வரி இல்லாத பாம்பும் இருக்கு. சட்டையப் பாத்தா ஆள எடை போடுவ? வாலப் பாரு."

உயிரோடு இருக்கும் கடல்பாம்பைக் கொல்லவும் விடமாட்டார். அது பாட்டுக்குப் போகிற ஜீவன், வலையில் மீனோடு மீனாக வைத்து அமுக்கினால்தான் கடிக்கும் என்பது அவர் கட்சி. வாளியில் போட்டுப் படித்துறையில் கொண்டுபோய் விடுவார். "போ, போய் உன் வேலையப் பாரு" என்று அதனிடம் பேசுகிற குரலில் பாதிகூட என்னிடம் பேசினதில்லை.

சரி, கூடத்தில் வாலைப் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும், அதற்குத்தானே சம்பளம். கூடத்துக்கு வெளியிலும் அதே கதைதான். கடையில் தக்காளி வாங்கினால் காம்புப் பக்கம் திருப்புவார். நாற்காலி கொடுத்தால் கவிழ்த்துப் பார்த்துவிட்டு உட்காருவார். பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுவார். இந்த வியாதி எப்படி வந்தது என்று ஒருநாள் கேட்டேன். "ஒரே ஒரு தடவை முகத்தப் பாத்து ஏமாந்தேன். ரெண்டு வருஷம் குடும்பம் நடத்திட்டுப் போனவன், போனவன்தான்" என்றார். அதன் பிறகு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. பத்து வயது சின்னவரான தம்பியை வளர்த்து, படகு எஞ்சின் மெக்கானிக் ஆக்கி, என் தலையில் கட்டிவிட்டார்.

என்னைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் மனுஷர்களின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, கண்மணிக்கு நடுவில் ஸ்கேல் வைத்து அளக்கிறேன். எனக்கு முகம், அண்ணிக்கு வால். இரண்டு பேரும் எப்படி ஒத்துப்போவது?

சண்டை சோபாவில் வந்தது. புது வீட்டுக்குக் குடிபோன வாரம். மூன்று வாரம் கடை கடையாக அலைந்து நான் தேர்ந்தெடுத்த சோபா, வெளிர்ப் பச்சை. அண்ணி வந்தார். உட்காரவில்லை. மண்டி போட்டு, ஒற்றைக் கையால் அதைப் புரட்டினார்.

"அடித்துணி கிழிஞ்சிருக்கு. ஆணி வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. மூஞ்சியப் பாத்து வாங்கிட்டீங்க."

விருந்தாளிகள் நாலு பேர் முன்னால். எனக்கு எங்கிருந்துதான் அப்படி வந்ததோ. "உங்களுக்கு எதுலயும் பின்பக்கம்தான் தெரியும் அண்ணி. அதான் கட்டிக்கிட்டவரும் அதையே காட்டிட்டுப் போயிட்டாரு" என்றேன்.

சொன்ன அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன். என்ன பிரயோஜனம்? அண்ணி சோபாவை மெதுவாக நிமிர்த்தி வைத்தார், பையை எடுத்துக்கொண்டார், போய்விட்டார். அதற்கப்புறம் ஏழு மாதம் பேச்சு வார்த்தை இல்லை. வீட்டுக்காரர் விலாங்கு வகை, இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு ஓடினார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் 'ஆயில் ஃபில்டர் வாங்கப்' போவார். ஒரு படகுக்கு ஏழு மாதத்தில் முப்பது ஆயில் ஃபில்டர் எதற்கு என்று நானும் கேட்கவில்லை. வந்து, காற்றோடு பேசுகிற மாதிரி செய்தி சொல்வார். அக்காவுக்கு இருமல். அக்காவுக்கு மூட்டு வலி. அக்கா இப்போதெல்லாம் கையுறை போடுவதில்லையாம், கூடத்தில் கத்துகிறார்களாம்.

"திமிரு" என்றேன் நான்.

அப்படி இருக்கையில் ஒரு வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு, கடலுக்குப் போயிருந்த வீட்டுக்காரர் திரும்பி வந்தார். நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கையில் உப்பு டப்பா மாதிரி ஒரு பிளாஸ்டிக் டப்பா. நேராகப் போய் என் ஃப்ரிட்ஜைத் திறந்து, வெண்ணெய்க்குப் பக்கத்தில் அதை வைத்தார்.

"என்னங்க அது?"

"தலை."

"எதோட தலை?"

"கடிச்சதோட தலை" என்றார், கடையிலிருந்து ரொட்டி வாங்கி வந்தேன் என்கிற குரலில்.

விஷயம் இதுதான். அவருக்கு வேலை எஞ்சினில் என்றாலும் வலை ஏறும்போது எல்லோரும் கை போட வேண்டும். காலை ஆறரைக்கு வலையிலிருந்து மீனை உதறும்போது ஆள்காட்டி விரலில் முள் குத்தின மாதிரி இருந்திருக்கிறது. பார்த்தால் நீளமாக ஒன்று தொங்குகிறது. படகு டிரைவர் பாம்பு என்றாராம். சமையல்காரர் விலாங்கு என்றாராம். இரண்டு பேரும் ஒரு வாரத்து டீக்குப் பந்தயம் கட்டிவிட்டார்கள். கடித்தவனை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பது படகில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஞானம். டிரைவர் ஒரே வெட்டு. தலை டப்பாவுக்குள் ஐஸோடு, உடம்பு கழிவுக் குவியலுக்கு.

"தலை மட்டும் எதுக்குங்க?"

"அடையாள அட்டையில மூஞ்சியத்தானே ஒட்டுறாங்க? வாலையா ஒட்டுறாங்க?" என்று என்னையே கேட்டார். "நீ ஏன் பதறுற? வலியே இல்ல. வீக்கம்கூட இல்ல. விலாங்குதான்."

டப்பாவையும் ஆளையும் இழுத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த கிளினிக்குக்குப் போனேன். சின்ன வயசு டாக்டர். விரலில் ஊசி முனை அளவுக்கு இரண்டு புள்ளி, அவ்வளவுதான். டாக்டர் சிரிக்கவில்லை, அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

"கடல்பாம்பு கடிச்சா பெரும்பாலும் வலிக்காது, வீங்காது. அதனால வலி இல்லங்கறத நல்ல செய்தியா எடுத்துக்காதீங்க" என்றார். டப்பாவை எட்டி நின்று பார்த்தார். வெட்டில் நசுங்கி, கட்டைவிரல் அளவில் கறுப்பாக ஏதோ இருந்தது. "இத வச்சு எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல." கையை அசையாமல் பட்டை வைத்துக் கட்டினார். சாயங்காலம் வரைக்கும் இங்கேயே படுத்திருக்க வேண்டும், நடக்கவே கூடாது, ஒரு சின்ன அறிகுறி தெரிந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரி, மருந்து அங்கேதான் இருக்கிறது என்றார். அதற்குள் பக்கத்து அறையில் கை ஒடிந்தவர் ஒருவர் அலற, அங்கே ஓடினார்.

டாக்டர் தலை மறைந்ததும் என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். "விலாங்கு கடிச்சதுக்குப் படுக்கையா? படகுல கேட்டா மானம் போயிடும். வா, வீட்டுக்குப் போலாம்."

கெஞ்சினேன், திட்டினேன், அழுவதுபோலவும் செய்து பார்த்தேன். எதுவும் எடுபடவில்லை. இந்த உலகத்தில் அவர் பயப்படுகிற ஆள் ஒன்றே ஒன்றுதான். ஏழு மாதத்து வீம்பை விழுங்கிக்கொண்டு போனை எடுத்தேன்.

குழாய்த் தண்ணீர் இரைச்சலுக்கு நடுவில் குரல் கேட்டது. "யாரு செத்தா?"

ஏழு மாதம் கழித்து என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். "இன்னும் யாரும் சாகல அண்ணி. உங்க தம்பிய வலையில எதுவோ கடிச்சிடுச்சு. விலாங்குங்கறாரு. தலைய வெட்டி எடுத்துட்டு வந்திருக்காரு."

தண்ணீர் இரைச்சல் நின்றது. "தலை வேணாம். வால் எங்க?"

"கழிவுல போட்டுட்டாங்களாம்."

"அறிவு கெட்டவனுங்க! அந்த டப்பாவத் தொறக்காத. வெட்டின தலையும் கடிக்கும். எத்தன மணிக்குக் கடிச்சிது?"

"ஆறரை."

இப்போது ஒன்பதே கால். அவர் மனசுக்குள் கணக்குப் போடுவது எனக்குக் கேட்டது. "போன அவன்ட்ட குடு" என்றார். கொடுத்தேன். "டேய்! எழுந்திரிச்சே, கால ஒடிச்சிடுவேன்!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்துப் படுக்கைக்காரரும் சேர்ந்து படுத்துக்கொண்டார். மறுபடி என்னிடம் வந்தார். "கழுத்து புடிக்குதா கேட்டுக்கிட்டே இரு. வாய நல்லா தொறக்கச் சொல்லு. ஒண்ணுக்குப் போனா என்ன கலர்னு பாரு. நான் வால எடுத்துட்டு வரேன்."

அங்கே நடந்ததைப் பின்னால் பக்கத்து மேசைப் பெண் எனக்குச் சொன்னாள். அந்தப் படகின் கழிவு முழுக்க ஏற்கெனவே லாரியில் ஏறிவிட்டது. லாரி கேட்டைத் தாண்டப் போகும்போது அண்ணி குறுக்கே போய் நின்றுகொண்டாராம். டிரைவர் ஹாரன் அடித்தால் அடித்துக்கொள் என்று பின்பக்கம் ஏறிவிட்டாராம், அறுபது வயதில், மூட்டு வலியோடு. இரண்டு டன் குவியல். முழங்கால் வரைக்கும் அதற்குள் நின்றுகொண்டு வாரி வாரி வெளியே போட்டாராம். யாரையும் கிட்டே வர விடவில்லையாம்.

இங்கே என் வீட்டுக்காரர் அரை மணி நேரம் ஒழுங்காகப் படுத்திருந்தார். அதிசயம்தான். அப்புறம் ஒண்ணுக்குப் போக வேண்டும் என்றார். நர்ஸ் சக்கர நாற்காலி எடுத்து வரப் போனாள், நான் டாக்டரைக் கூப்பிடப் போனேன். திரும்பி வந்தால் படுக்கை காலி. கழிப்பறைக்குப் பக்கத்திலேயே பின்கதவு. விலாங்கு என்று சும்மாவா சொன்னேன்?

தெருவில் ஓடினேன். கட்டுப் போட்ட கையோடு, படகுக்கே திரும்பிப் போகத் துறைமுக பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். பஸ் வந்தது. காலைத் தூக்கிப் படியில் வைக்கப் போனார். கால் வரவில்லை. இன்னொரு தடவை தூக்கினார். அப்போதும் வரவில்லை.

"தொடை புடிச்சிக்கிச்சு. எஞ்சின்ல குனிஞ்சே இருந்தேன்ல" என்றார். நாக்கில் ஏதோ தடித்துப்போன மாதிரி இருந்தது பேச்சு.

தோளைப் பிடித்துத் திருப்பி முகத்தைப் பார்த்தேன். என் தொழில் அது. அந்த முகத்துக்குக் கண்ணாடி அளவெடுத்தவளே நான்தான், எந்தக் கண் எவ்வளவு திறக்கும் என்று எனக்கு மில்லிமீட்டரில் தெரியும். இடது இமை கண்மணிக்குப் பாதி வரைக்கும் இறங்கியிருந்தது. வலது இமையும் இறங்கிக்கொண்டிருந்தது.

"மேல பாருங்க."

"பாக்கறேனே."

பார்க்கவில்லை. இமை எழும்பவே இல்லை. நான் போட்ட அலறலில் பஸ் கண்டக்டரும் இறங்கி ஒரு பக்கம் தாங்கினார். டாக்டர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கே ஓடி வந்தார். கண்ணைப் பார்த்தார், ஒரு கேள்வியும் கேட்கவில்லை, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். வண்டியில் போகும்போது வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். எப்போதும் ஸ்பேனர் பிடிக்கிற பிடி அது, அன்றைக்கு அதில் ஒன்றுமே இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் பதினொன்றுக்கெல்லாம் மருந்து ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். மூச்சு குறைகிறது என்று குழாய் வைத்தார்கள். சிறுநீர்ப் பையில் கறுப்புக் காபி நிறத்தில் இறங்கியது. தசை உருகி அதில் வருகிறது, சிறுநீரகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றார்கள். நான் மீன் கூடத்துக்குப் போன் போட்டு, எந்த ஆஸ்பத்திரி என்று அண்ணிக்குச் சொல்லச் சொல்லிவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு வாசலில் ஒரே ரகளை. காவலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு கை நீட்டித் தடுக்க, அண்ணி அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். பூட்ஸிலிருந்து தண்ணீர் சொட்டியது. தலைமுடியில் செதில். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. வரவேற்பு மேசையில் இருந்த படிவங்களை ஒதுக்கிவிட்டு, தலையில்லாத உடம்பிலிருந்து வெட்டிக்கொண்டு வந்த ஒரு சாண் வாலைப் பையிலிருந்து எடுத்து வைத்தார். சாம்பல் நிறம், மங்கலாக வரி, நுனி துடுப்பு மாதிரி தட்டை.

"கடல்பாம்பு. சத்தியமா கடல்பாம்பு. மருந்து குடுங்க, சீக்கிரம்!"

பெண் டாக்டர் ஒருவர் வெளியே வந்தார். வாலைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். "அம்மா, மருந்து ஏத்தி ஒரு மணி நேரமாச்சு. அவரு கண்ணு, தசை, சிறுநீர் எல்லாமே சொல்லிடுச்சு. எங்களுக்குப் பாம்பெல்லாம் தேவையில்லம்மா, ஆளு சீக்கிரம் வந்தா போதும்."

"அப்ப இது வேணாமா?"

"வேணாம்மா."

அண்ணி அந்த வாலைத் திருப்பிப் பைக்குள் வைத்தார். வந்து என் பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தார். அப்புறம் அழ ஆரம்பித்தார். கல் மாதிரி இருந்த மனுஷி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சத்தமாக, வெட்கமே இல்லாமல் அழுதார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, கர்ச்சீப்பை நீட்டினேன்.

"இருபத்திரண்டு வருஷம் ஆச்சுடி" என்றார். "என் பக்கத்து மேசைக்காரி. கைய உதறிக்கிட்டே என்கிட்ட வந்து காட்டினா. ரெண்டு புள்ளி. வலிக்குதான்னு கேட்டேன், இல்லன்னா. முள்ளுதான்டி, போய்க் கழுவிட்டு வந்து வேலையப் பாருன்னேன். கழுவிட்டு வந்து வேலையப் பாத்தா. மத்தியானம் கழுத்து புடிக்குதுன்னா. சாயங்காலம் வாயத் தொறக்க முடியல. காலைல இல்ல. நான்தான் முள்ளுன்னேன். வேற யாரும் சொல்லல, நான்தான் சொன்னேன்."

முகத்தைப் பார்த்து ஏமாந்த கதையைத்தான் எங்களுக்கெல்லாம் சொல்லியிருந்தார். இதைத் தம்பியிடம்கூடச் சொன்னதில்லையாம். இத்தனை வருஷமாக ஒவ்வொரு வாலையும் எதற்காகப் பார்த்தார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சோபாவை நினைத்து எனக்கு அவமானமாக இருந்தது.

நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டி, நோயாளிக்குச் சின்ன வயசிலிருந்து வேறு ஏதாவது நோய் உண்டா என்றாள். வளர்த்தவர் இவர்தான் என்று நான் அண்ணியைக் காட்ட, அப்படியானால் நீங்களே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றாள். அண்ணி காகிதத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார். அப்புறமும் தள்ளினார். கண்ணைச் சுருக்கினார். நான் அதைப் பார்த்தேன். அதைப் பிடித்திருந்த கையையும் அப்போதுதான் பார்த்தேன். விரலெல்லாம் முள் கிழித்த கோடு, நகத்தடியில் ரத்தம்.

"கையுறை எங்க அண்ணி?"

"போட்டா தட்டையா உருண்டையான்னு தெரியாதுடி."

"கண்ணால பாத்தா தெரியாதா?"

படிவத்தை மடித்தார், விரித்தார். "ரெண்டு வருஷமா கிட்டத்துல எதுவும் தெரியல. எல்லாம் மசமசன்னு இருக்கு. சொன்னா கடைசி மேசையிலேர்ந்து எடுத்துடுவாங்க. கையாலதான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"அய்யோ! ரெண்டு டன்னுக்குள்ள வெறுங்கைய விட்டீங்களா? அதுல வேற பாம்பு இருந்திருந்தா?"

"இருந்துச்சு" என்றார் அண்ணி. "இன்னும் ரெண்டு. ஒண்ணு உருண்ட வாலு. ஒண்ணு தட்ட வாலு, தலையோட."

நான் அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். மீன் நாற்றம் குடலைப் புரட்டியது. வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

வீட்டுக்காரர் ஒன்றரை நாள் மூச்சு இயந்திரத்தில் இருந்தார். மூன்றாம் நாள் கண்ணைத் திறந்தார், இரண்டு இமையும் முழுசாக. அக்காவும் நானும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, தான் செத்துப்போய்விட்டதாகவே நினைத்தாராம். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தார். படகில் சமையல்காரர் ஒரு வாரத்துக்கு எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தார்.

அதற்கடுத்த திங்கட்கிழமை அண்ணியைக் கிட்டத்தட்டக் கடத்திக்கொண்டுபோய் என் கடை நாற்காலியில் உட்கார வைத்தேன். நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். இரண்டு வருஷமல்ல, ஐந்து வருஷத்துக்கு முன்பே போட்டிருக்க வேண்டிய கண்ணாடி. அளவெடுக்கும்போது முகத்துக்கு முகம் நேராக வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருந்தோம்.

"அண்ணி, அன்னைக்கு நான் சொன்னது..."

"எது? சோபாவா? ஆணிய அடிச்சியா?"

"அடிச்சிட்டேன்."

"அப்ப விடு."

கண்ணாடி தயாராகி வந்தது. முதலில் பிரேமைத் திருப்பிப் பின்பக்கத்துத் திருகாணியை நகத்தால் அசைத்துப் பார்த்தார், ஒன்று லூசாக இருக்கிறது என்றார், இருந்தது, முடுக்கிக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டார். தன் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆறாத கோடுகளைப் பார்த்தார். கையுறை போட்டுக்கலாம் போலிருக்கே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் யாரும் என்னை அப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை. எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"மூஞ்சி பரவால்ல" என்றார் அண்ணி. "எங்க, திரும்பு பாப்போம்."

கடையில் மூன்று வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். நான் எழுந்து திரும்பி நின்றேன்.